எம்பிராய்டரி டிசைன் சர்வர் நீளமான பேர் வந்தால் விழுகிறது: இது வெறும் கிராஷா, உள்ளே நுழைகிற வழியா?

அவினாசிரோடு (கேள்வி)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்டில் சிஸ்டம், நெட்வொர்க் இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எம்பிராய்டரி செக்ஷனில் 20 ஹெட் மிஷின்கள் ஓடுகின்றன, பஞ்சிங் (டிசைனை மிஷினுக்கான தையல் ஃபைலாக மாற்றுவது) முடிந்த டிசைனை பென் டிரைவில் தூக்கிக்கொண்டு அலையாமல் மிஷினே நெட்வொர்க் வழியாக இழுத்துக்கொள்ள ஒரு சர்வர் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10 போட்ட சாதாரண டெஸ்க்டாப்பில் சர்வீஸாக ஓடுகிறது. நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்புகிற எஃப்டிபி மாதிரிதான், ஆனால் அவர்களே எழுதிய புரோட்டோகால்: ஒரு கட்டளை, ஒரு ஃபைல் பேர், அப்புறம் டேட்டா.

பிரச்சினை என்னவென்றால், மெர்ச்சன்டைசர்கள் ஃபைலுக்கு வைக்கிற பேர் சில சமயம் ரொம்ப நீளம். பையர் கோடு, சீசன், ஸ்டைல் நம்பர், கலர், சைஸ், எந்த இடத்து லோகோ, எத்தனையாவது ரிவிஷன் என்று எல்லாம் பேரிலேயே இருக்கும். அப்படி ஒரு பேர் வந்ததும் சர்வீஸ் செத்துவிடுகிறது, மிஷின்கள் எல்லாம் டிசைனுக்காகக் காத்துக்கொண்டு நிற்கின்றன. ஈவன்ட் வியூவரில் 1000-ஆம் நம்பர் ஈவன்ட், எக்ஸப்ஷன் கோடு சி0000005 (தொடக் கூடாத மெமரி முகவரியைத் தொட்டது), ஃபால்டிங் மாட்யூல் என்ற இடத்தில் "அன்னோன்", ஆஃப்செட் (விழுந்த இடத்தின் முகவரி) 53454843. வேறு பேருக்கு விழுந்தபோது ஆஃப்செட் வேறு மாதிரி இருந்தது, ஆனால் இதே ஃபைலைத் திரும்ப அனுப்பினால் அதே நம்பர்தான் வருகிறது.

சாஃப்ட்வேர் கொடுத்தவர்களிடம் கேட்டால் "பேரைச் சின்னதா வைங்க சார், அவ்வளவுதான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெளியே ஜாப் ஒர்க் எடுக்கிற பஞ்சிங் ஆபீஸ் நேராக அப்லோடு பண்ண வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் இந்த போர்ட்டை ஃபார்வர்டு செய்து (இன்டர்நெட்டிலிருந்து நேராக சர்வருக்கு வழிவிட்டு) வைத்திருக்கிறது, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாடியிருந்தே அப்படித்தான். இது செக்யூரிட்டி விஷயமா, இல்லை சும்மா கிராஷா? எப்படித் தெரிந்துகொள்வது?

பீளமேடு_சி

தம்பி, முதல் வேலையாக அந்த போர்ட் ஃபார்வர்டை எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். பஞ்சிங் ஆபீஸ் இரண்டு நாளைக்கு மெயிலில் அனுப்பட்டும்.

எடுத்தாச்சா? சரி. அந்த 53454843 என்பதை இரண்டிரண்டாகப் பிரித்துக் கடைசியிலிருந்து படியுங்கள்: 43, 48, 45, 53. இதெல்லாம் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) எழுதிய ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். சி, எச், இ, எஸ். உங்கள் ஃபைல் பேரில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் "செஸ்ட்" (CHEST) என்று இருக்கிறதா? கட்டாயம் இருக்கும், செஸ்ட் லோகோ டிசைனாக இருக்கும். இன்டெல் பிராசசர் ஒரு எண்ணை மெமரியில் வைக்கும்போது அதன் கடைசி பைட்டை முதலில் வைக்கும், அதனால்தான் தலைகீழாகத் தெரிகிறது.

இதன் அர்த்தம் என்னவென்றால், பிராசசர் அடுத்து எந்த முகவரிக்குப் போய் எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்பதை உங்கள் மெர்ச்சன்டைசர் டைப் செய்த நான்கு எழுத்து முடிவு செய்திருக்கிறது. அவர் தெரியாமல் செய்தார், அந்த முகவரியில் ஒன்றும் இல்லை, புரோகிராம் செத்தது. தெரிந்து செய்கிறவன் "செஸ்ட்" என்று போட மாட்டான், அவனுக்கு வேண்டிய முகவரியைப் போடுவான்.

உள்ளே நடப்பது இதுதான். சி-யில் ஒரு ஃபங்ஷன் ஓடும்போது அதன் லோக்கல் வேரியபிள்கள் ஸ்டாக் என்ற தற்காலிக மெமரியில் உட்காரும். அதே ஸ்டாக்கில், அந்த வேரியபிள்களுக்கு அடுத்தாற்போல, பழைய ஃபிரேம் பாயின்டர் 4 பைட், அதற்கு அடுத்து ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்கிற ரிட்டர்ன் அட்ரஸ் 4 பைட் இருக்கும் (32 பிட் புரோகிராமைச் சொல்கிறேன், உங்களுடையது அதுதான்). எழுதினவர் பேருக்கு ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, நெட்வொர்க்கில் வந்ததை நீளம் பார்க்காமல் ஸ்ட்ர்காப்பி போட்டுக் கொட்டியிருக்கிறார். ஸ்ட்ர்காப்பிக்கு இடம் எவ்வளவு என்று தெரியாது, பூஜ்ய பைட் வரும்வரை நகலெடுத்துக்கொண்டே போகும். இடம் தீர்ந்த பிறகும் எழுதும், ரிட்டர்ன் அட்ரஸ் மேலேயும் எழுதும்.

ஒன்று செய்து பாருங்கள். அந்த ஃபைல் பேரில் "செஸ்ட்" எத்தனையாவது எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அவினாசிரோடு

அண்ணா, ஃபார்வர்டு எடுத்தாச்சுங்க. எண்ணினேன். 69-வது எழுத்து. பெரிய எழுத்துதான்.

பீளமேடு_சி

அப்படியென்றால் 64 + 4 = 68, அதற்கு அடுத்த நான்கு பைட் ரிட்டர்ன் அட்ரஸ். பேருக்கு 64 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது என் ஊகம், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் இதிலிருந்து புரியும்: பேர் சரியாக 64 எழுத்தாக இருந்தால் கடைசியில் சேரும் பூஜ்ய பைட் ஒன்று மட்டும் ஃபிரேம் பாயின்டரின் ஓரத்தில் போய் விழும். 65, 66 எழுத்து வந்தால் ஃபிரேம் பாயின்டர் கெடும். அப்போதெல்லாம் உடனே விழ வேண்டும் என்று கட்டாயமில்லை, கொஞ்ச நேரம் கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும், அல்லது தொங்கும். "காரணமே இல்லாமல் சில நாள் ஹேங் ஆகுது" என்று எப்போதாவது யாராவது சொல்லியிருந்தால் இதுவாக இருக்கலாம்.

எக்ஸப்ஷன் கோடையும் கவனியுங்கள். இந்தக் காலத்து கம்பைலரில் கட்டியிருந்தால் ரிட்டர்ன் அட்ரஸுக்கு முன்னால் ஒரு காவல் எண் வைத்திருக்கும், கேனரி என்பார்கள். ஃபங்ஷன் திரும்புவதற்கு முன் அந்த எண் கலைந்திருக்கிறதா என்று பார்த்து, கலைந்திருந்தால் தானே நின்றுவிடும். அப்போது கோடு சி0000409 என்று வரும். உங்களுக்கு சி0000005 வருகிறது, அதுவும் பேரின் எழுத்துகளே முகவரியாக. அதாவது கேனரி இல்லை. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அந்த வசதி 2002-லேயே வந்துவிட்டது. 1998-இல் வந்த விஷுவல் சி 6-ஐ இன்னமும் பிடித்துக்கொண்டு புராடக்ட் கட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், மிஷினரி சாஃப்ட்வேரில் ரொம்பவே அதிகம்.

இது புதுசும் இல்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி மோரிஸ் வார்ம் (தானாகப் பரவுகிற புரோகிராம்) யூனிக்ஸ் மெஷின்களுக்குள் புகுந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சர்வர். அதில் 512 பைட் இடம், படித்தது நீளம் பார்க்காத கெட்ஸ் ஃபங்ஷன், அனுப்பியது அதைவிட நீளமான ஒரு வரி. இத்தனை வருஷம் கழித்தும் அதே தப்பை எம்பிராய்டரி மிஷின் பக்கத்தில் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

மஞ்சள்மாநகரம்

ஈரோட்டில் டெக்ஸ்டைல் பிராசஸிங் யூனிட்டில் இருக்கிறேன். பீளமேடு அண்ணா சொன்ன விளக்கம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் போர்ட் ஃபார்வர்டை எடுத்த பிறகு இதற்கு மேல் என்ன அவசரம்? லேன் (ஆபீஸ் நெட்வொர்க்) உள்ளே இருக்கிறது, யார் வந்து அட்டாக் பண்ணப் போகிறார்கள், மெர்ச்சன்டைசரா, ஃபிரேம் மாற்றுகிற பையனா? ஷிப்மென்ட் நேரத்தில் சர்வரைக் குடைந்து, அது எழுந்திருக்காமல் போய், மிஷின் ஒரு ஷிப்ட் நின்றால் முதலாளி கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வது? பேரைச் சுருக்கச் சொல்லுங்கள், சீசன் முடிந்த பிறகு நிதானமாகப் பாருங்கள். இதுதான் என் கருத்துங்க.

பீளமேடு_சி

மஞ்சள்மாநகரம், மிஷின் நிற்கக் கூடாது என்ற கவலை நியாயமானது, அதை யாரும் லேசாக எடுக்கக் கூடாது. ஆனால் "லேன் உள்ளே யார் வருவார்கள்" என்பதை ஏற்க முடியவில்லை.

2017 மே 12-ஆம் தேதி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை வார்ம் பரவியபோது அது நுழைந்ததும் தாவியதும் விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் 445-வது போர்ட் வழியாக. அங்கேயும் அடிப்படையில் பஃபர் ஓவர்ஃப்ளோதான், அதாவது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவது. வெளியிலிருந்து ஒரு மெஷின் மாட்டினால் போதும், அதற்குப் பிறகு லேனில் இருக்கிற மற்ற மெஷின்களுக்கு அந்த ஒரு மெஷினே வெளியாள். பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். உங்கள் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் ஒருவர் போலி இன்வாய்ஸ் மெயிலைத் திறந்தால் அவர் கம்ப்யூட்டரிலிருந்து டிசைன் சர்வருக்கு நேர்வழி இருக்கிறதா இல்லையா? அதுதான் கேள்வி, ஃபிரேம் மாற்றுகிற பையன் இல்லை.

"பேரைச் சுருக்கு" என்பது நேர்மையாக வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் போடுகிற கட்டுப்பாடு. தாக்குகிறவன் உங்கள் அப்லோடு ஸ்கிரீனைத் திறக்கவே மாட்டான், போர்ட்டில் நேராக பைட்டை அனுப்புவான். நீளம் பார்க்க வேண்டிய இடம் சர்வருக்குள்தான். 2003 ஜனவரி 25-ஆம் தேதி ஸ்லாமர் என்ற வார்ம் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் 2000-ஐப் பிடித்தது 376 பைட் அளவே இருந்த ஒரே ஒரு யுடிபி பாக்கெட்டில். பாஸ்வேர்டும் கேட்கவில்லை, கனெக்ஷனும் போடவில்லை. சுமார் 75,000 மெஷின்கள் மாட்டின, அதில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிஷத்துக்குள். அதற்கும் ஆறு மாதம் முன்னாலேயே பேட்ச் இருந்தது.

"இது யாருக்கும் தெரியாத சாஃப்ட்வேர், இதை யார் தேடுவார்கள்" என்றும் நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க ஓடுகிற, சோர்ஸ் கோடு எல்லோரும் படிக்கக்கூடிய புரோஎஃப்டிபிடி சர்வரிலேயே 2010-இல் லாகின் செய்வதற்கு முன்னாடியே தாக்கக்கூடிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்தது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் 2013-இல் வந்தது, 1.4.1-இல் சரி செய்தார்கள். அங்கே கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருந்தது. இங்கே யாரும் பார்க்கவில்லை என்பதால் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது.

பெருந்துறை_ரவுட்டர்

சிப்காட்டில் நாலைந்து கம்பெனிக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுக்கிறேன். மிஷின் நிற்காமல் என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன், மஞ்சள்மாநகரம் கவலைக்கும் இதுதான் பதில்.

விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த போர்ட்டுக்கான இன்பவுண்ட் ரூலைத் திறந்து, ஸ்கோப் டேபில் ரிமோட் ஐபி என்ற இடத்தில் எம்பிராய்டரி மிஷின்களின் ஐபியையும் பஞ்சிங் பண்ணுகிற கம்ப்யூட்டரையும் மட்டும் போடுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், சர்வீஸை நிறுத்த வேண்டாம், டீ பிரேக்கில் முடிந்துவிடும். மிஷின்களுக்கு டிஎச்சிபியில் (தானாக ஐபி கொடுக்கிற முறை) ஐபி மாறிக்கொண்டிருந்தால் முதலில் அதை ரிசர்வ் பண்ணுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் ஒரு மிஷின் டிசைன் கிடைக்காமல் நிற்கும். ஸ்விட்ச் மேனேஜ்டு ஸ்விட்சாக இருந்தால் மிஷின்களையும் இந்த சர்வரையும் தனி வீலேனில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டுவிடலாம், அது ஞாயிற்றுக்கிழமை வேலை.

அடுத்து சர்வீஸ் எந்த அக்கவுன்டில் ஓடுகிறது என்று சர்வீசஸ் ஸ்கிரீனில் லாக் ஆன் டேபைப் பாருங்கள். நான் பார்த்த வரைக்கும் இந்த மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் லோக்கல் சிஸ்டம் என்ற முழு உரிமை உள்ள அக்கவுன்டில்தான் ஓடும். அப்படியே இருந்தால் உள்ளே வருகிறவனுக்கு மெஷின் மொத்தமும் சொந்தம். ஒரு சாதாரண யூசர் உண்டாக்கி, டிசைன் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்து, அதில் ஓட விடுங்கள். சில சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஃபைலை புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும், அந்த ஒரு ஃபைலுக்குத் தனியாக உரிமை கொடுத்தால் ஓடிவிடும்.

பஞ்சிங் ஆபீஸுக்கு வயர்கார்டு விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் பாதுகாப்பான தனி இணைப்பு) போட்டுக் கொடுங்கள், ஆனால் விபிஎன் வழியாக டிசைன் சர்வரைத் தொடவே விடாதீர்கள். ஒரு தனி ஷேர்டு ஃபோல்டர் மட்டும் கொடுங்கள். அங்கே விழுகிற ஃபைலை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எடுத்து, ஜாப் நம்பர் மட்டும் இருக்கிற குட்டிப் பேராக மாற்றி, பழைய பேரை ஒரு எக்ஸெலில் எழுதிவைத்துவிட்டு, சர்வரின் ஃபோல்டரில் போடட்டும். மெர்ச்சன்டைசர் வழக்கம்போல நீளமாகப் பேர் வைத்துக்கொள்ளலாம், அவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்பிளாய்ட் புரொடெக்ஷன் என்று ஒன்று இருக்கிறது, அதில் இந்த புரோகிராமை மட்டும் சேர்த்து டெப்பை ஆன் பண்ணுங்கள். விண்டோஸ் 10-இல் பழைய 32 பிட் புரோகிராம்களுக்கு அது தானாக வராது. டெப் இருந்தால் ஸ்டாக்கில் கொட்டிய டேட்டாவை கட்டளையாக ஓட்ட முடியாது.

பீளமேடு_சி

பெருந்துறை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டெப் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. புரோகிராமிலேயே இருக்கிற கட்டளைத் துண்டுகளைக் கோர்த்து டெப்பைத் தாண்டுகிற வித்தை பழசாகிவிட்டது, அதற்கு அந்தத் துண்டுகள் எந்த முகவரியில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். முகவரியைக் கலைத்துப் போடுவதுதான் ஏஎஸ்எல்ஆர். பழைய எக்ஸிக்யூடபிளில் ரீலொகேஷன் தகவலையே (வேறு முகவரிக்கு நகர்த்தத் தேவையான குறிப்பு) நீக்கிவிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள், அப்போது கட்டாய ஏஎஸ்எல்ஆர் போட்டாலும் அது நகராது. பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற மைக்ரோசாஃப்ட் டூலில் டெப், ஏஎஸ்எல்ஆர் காலம் இரண்டையும் ஆன் செய்தால் நிலைமை தெரியும். முதலில் வேறு மெஷினில் காப்பி போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் புரொடக்ஷனில் வையுங்கள்.

அவினாசிரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஃபயர்வால் ரூல் போட்டாச்சு, மிஷின் எல்லாம் ஓடுகிறது. சர்வீஸ் லோக்கல் சிஸ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, மாற்றிவிட்டேன், பெருந்துறை அண்ணா சொன்ன மாதிரியே லைசென்ஸ் ஃபைலில்தான் முரண்டு பிடித்தது.

இரண்டு சந்தேகம். ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருப்பார்களா என்று எப்படிப் பார்ப்பது? கொடுத்தவர்களிடம் எப்படிச் சொன்னால் காதில் வாங்குவார்கள்?

சிங்காநல்லூர்_டெஸ்டர்

தம்பி, செக்யூரிட்டி டெஸ்டிங்தான் என் தொழில். இரண்டுக்கும் சொல்கிறேன்.

பழைய 1000 ஈவன்ட் எல்லாவற்றையும் எடுத்து நேரத்தைப் பாருங்கள். யூனிட் பூட்டியிருந்த இரவிலோ, அப்லோடு எதுவும் இல்லாத நேரத்திலோ விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் அந்த ஆஃப்செட் உங்கள் ஃபைல் பேர் எழுத்துகளாகப் பிரிகிறதா? பிரியாவிட்டால் வெளியிலிருந்து யாரோ தட்டிப் பார்த்திருக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம், கிராஷ் என்பது தோற்ற முயற்சி, ஜெயித்த முயற்சியில் கிராஷே இருக்காது. அதனால் சிஸ்டம் லாகில் 7045 (புது சர்வீஸ் போட்டது), செக்யூரிட்டி லாகில் 4720 (புது யூசர் உண்டாக்கியது) இரண்டையும் தேடுங்கள். ஷெட்யூல்டு டாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ரவுட்டர் லாக் இருந்தால் இந்த மெஷினிலிருந்து வெளியே போன கனெக்ஷன்களையும். டிசைன் சர்வர் தானாக வெளிநாட்டு ஐபிக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகமாக ஏதாவது சிக்கினால் மெஷினைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள், துடைப்பதற்கு முன் டிஸ்க்கை நகல் எடுத்து வையுங்கள், செர்ட்-இன்னுக்கும் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) சொல்லுங்கள். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவுப்படி இந்த மாதிரி ஊடுருவலைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அது கம்பெனிகளுக்கும் பொருந்தும்.

கொடுத்தவர்களுக்கு ஃபோனில் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். சாஃப்ட்வேர் வெர்ஷன், எந்தக் கட்டளை, எத்தனையாவது எழுத்திலிருந்து ரிட்டர்ன் அட்ரஸ் மாறுகிறது, ஈவன்ட் லாக் படம், பேரின் அந்த நான்கு எழுத்தும் ஆஃப்செட்டும் ஒன்று என்ற விளக்கம். "கிராஷ் ஆகிறது" என்று எழுதினால் சப்போர்ட் ஆள் படித்துவிட்டு மூடிவிடுவார். "நெட்வொர்க்கிலிருந்து, லாகின் இல்லாமல், ரிட்டர்ன் அட்ரஸை மாற்ற முடிகிறது" என்று முதல் வரியில் இருந்தால் கோடு எழுதுகிறவரிடம் போகும். ஒரு தேதி குறித்துக் கேளுங்கள். பதிலே இல்லையென்றால் செர்ட்-இன் தளத்தில் வல்னரபிலிட்டி ரிப்போர்ட் செய்யத் தனி வழி இருக்கிறது, அவர்கள் கம்பெனியோடு பேசுவார்கள், சிவிஈ எண்ணும் (ஓட்டைகளுக்கு உலக அளவில் கொடுக்கிற பதிவு எண்) கொடுக்க அதிகாரம் உண்டு. அதுவரைக்கும் சாஃப்ட்வேர் பேரை இங்கே எழுத வேண்டாம். இதே சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு போர்ட்டைத் திறந்து போட்டிருக்கிற யூனிட்டுகள் திருப்பூரிலும் கரூரிலும் எத்தனையோ இருக்கும், அவர்களை நாம் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடக் கூடாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினில், உங்கள் முதலாளி அனுமதியோடு மட்டும் சோதியுங்கள். "பக்கத்து யூனிட்டிலும் இருக்கிறதா பார்ப்போம்" என்று அடுத்தவர் சர்வருக்கு ஒரு நீளப் பேர் அனுப்பினால்கூட ஐடி சட்டம் 43, 66 பிரிவுகளில் வரும், மூன்று வருஷம் வரை ஜெயில்.

அவினாசிரோடு

லாகில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லைங்க, கிராஷ் எல்லாம் ஷிப்ட் நேரத்தில்தான், ஆஃப்செட் எல்லாம் நம் ஃபைல் பேரிலேயே இருக்கிற எழுத்துகள். 7045, 4720 இரண்டும் சுத்தம்.

சிங்காநல்லூர் அக்கா சொன்ன மாதிரி எழுதி அனுப்பினேன். இந்த முறை சப்போர்ட் இல்லை, டெவலப்பரே கூப்பிட்டார், நல்லவிதமாகத்தான் பேசினார். புது பில்டு அனுப்பியிருக்கிறார்கள். தனி மெஷினில் போட்டு நீளப் பேரை அனுப்பினேன், "நேம் டூ லாங்" என்று பதில் அனுப்பிவிட்டு சர்வர் ஓடிக்கொண்டே இருக்கிறது. புரொடக்ஷனில் போட்டுவிடலாமா?

பீளமேடு_சி

பொறுங்கள். அப்லோடு கட்டளைக்கு மட்டும் பார்த்தீர்களா? டெலீட், ரீநேம், லிஸ்ட் எல்லாமே ஃபைல் பேர் வாங்குகிறவைதான். ஒருவர் ஒரு இடத்தில் நீளம் பார்க்காமல் எழுதினார் என்றால் அதே வரியை நகலெடுத்து மற்ற இடங்களிலும் ஒட்டியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் 63, 64, 65, 72, 300 எழுத்து என்று அனுப்பிப் பாருங்கள். ஓரத்து எண்கள்தான் முக்கியம், 64-ஐ விடாதீர்கள்.

அவினாசிரோடு

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. டெலீட் ஓகே. ரீநேமில் இரண்டாவது பேர் (புதுப் பேர்) நீளமாக இருந்தால் விழுகிறது. ஆனால் இப்போது கோடு சி0000409.

பீளமேடு_சி

அப்போது கம்பைலரைப் புதுசாக்கியிருக்கிறார்கள், கேனரி வேலை செய்கிறது. நல்ல விஷயம், அதை டெவலப்பரிடம் சொல்லுங்கள், அவர் உழைத்திருக்கிறார். ஆனால் ரீநேமில் ஓவர்ஃப்ளோ அப்படியேதான் இருக்கிறது, கேனரி பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். நிறுத்துவது என்றால் சர்வீஸ் சாவதுதான், ஒரு பாக்கெட்டில் உங்கள் மிஷின்கள் எல்லாம் நிற்கும். இந்த லாகையும் அனுப்பி, "பேர் வாங்குகிற எல்லாக் கட்டளைக்கும் ஒரே ஒரு ஃபங்ஷனில் நீளம் பார்த்து நிராகரியுங்கள்" என்று கேளுங்கள். ஸ்ட்ர்என்காப்பி (நீளத்துக்கு வரம்பு வைத்து நகலெடுப்பது) போட்டுவிட்டோம் என்று பதில் வந்தால், இடம் நிறைந்தால் அது கடைசியில் பூஜ்ய பைட் வைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். அதுவரை புது பில்டையே புரொடக்ஷனில் போடுங்கள், பழையதைவிட எவ்வளவோ மேல், ஆனால் பெருந்துறை போட்ட ஃபயர்வால் ரூலைத் தொட வேண்டாம்.

சிங்காநல்லூர்_டெஸ்டர்

அதோடு மற்ற கஸ்டமர்களுக்கும் இந்த பில்டு போகிறதா, "செக்யூரிட்டி ஃபிக்ஸ், உடனே போடவும்" என்று எழுதி அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள் தம்பி. உங்களுக்கு மட்டும் தனியாகச் சரி செய்து கொடுத்துவிட்டு விட்டுவிடக் கூடாது.